நாலாவதாக வந்தவளுக்குக் கைதட்டிய கூட்டம்

தியேட்டரில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தது என் கைப்பை.

அந்தச் சீட் டிலானிக்காக வாங்கியது. டிலானி என் தங்கச்சி றீட்டாவின் மகள். படம் தொடங்க முதல் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக எழும்பி வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஜசிந்தாக்கா, பிள்ளை எங்க?"

முதலில் கேட்டவருக்கு, வருவாள் என்றேன். அடுத்தவருக்கு, வேலை என்றேன். ஆறாவது ஆள் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "இருந்து படத்தைப் பாருங்கோவன்!" என்று கத்தினேன். கேட்டது எங்கள் பங்குச் சுவாமி என்பது இருட்டில் தெரியவில்லை. பாவம், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை பின்னேரக் காட்சி. வெள்ளவத்தைப் பக்கத்துத் தியேட்டர், நல்ல குளிர். வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆனாலும் எங்கள் வரிசை முழுக்க இறால் வடை மணத்தது. யார் கொண்டுவந்தது என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் இரண்டு கிடைத்தது.

படத்தின் கடைசியில் அந்த ஓட்டப் பந்தயம் வந்தது. மஞ்சள் உடுப்புப் போட்ட கதாநாயகி வளைவில் திரும்பி முன்னுக்கு வருகிறாள். பாட்டுக் கூடுகிறது. கால் மெதுவாக எழும்பி மெதுவாக நிலத்தில் படுகிறது. கோட்டைத் தாண்டி முழங்காலில் விழுகிறாள். விழுந்து அழுகிறாள்.

எங்கள் ஆட்கள் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. திரையின் வலது மூலையில் பச்சை உடுப்போடு ஒரு பிள்ளை நாலாவதாக ஓடி வந்து முடித்தாள். மூன்று செக்கன்தான் இருக்கும். அதற்கு எங்கள் மூன்று வரிசையும் எழும்பி நின்று கைதட்டியது. விசில் வேறு.

முன் சீட்டில் இருந்த மனிதர் திரும்பி, "வின் பண்ணினது மஞ்சள் உடுப்பு அல்லோ?" என்று மனைவியைக் கேட்டார். "நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்றார் அந்த அம்மா.

அவர்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை ஏன் தன் படத்தைப் பார்க்க வரவில்லை என்பதையும் சொல்கிறேன். ஆனால் சுற்றித்தான் வருவேன். இத்தனை வாரமாக என்னைப் படிக்கிற உங்களுக்கு அது பழகியிருக்கும்.

கேக், தேத்தண்ணி, ஒன்றுமில்லை

டிலானி ஓடுவது எண்ணூறு மீற்றர். மைதானத்தைச் சரியாக இரண்டு சுற்று. முகத்துவாரத்தில் தொடர்மாடி வீடு, நாலாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. அந்த வீட்டில் ஓடுகிற ஒரே ஆள் இவள்தான் என்று நானே பகிடி விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் ஒரு தெரிவுப் போட்டி வைப்பார்கள். முதல் மூன்று பேரை நாட்டு அணியின் பயிற்சிக்கு எடுப்பார்கள். நாலாவது ஆளுக்குக் கைகொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். டிலானி தொடர்ந்து மூன்று வருடம் நாலாவதாக வந்தாள்.

முதல் வருடம் நாங்கள் கேக் வெட்டினோம். இந்த நாட்டிலேயே நாலாவது, சும்மாவா? இரண்டாம் வருடம் தேத்தண்ணி குடித்தோம். மூன்றாம் வருடம் ஒன்றுமில்லை. அவள் குளித்துவிட்டு வந்து துணி மடித்தாள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரியம்மா சொன்னால் சரி. யார் எந்தப் பள்ளிக்கூடம் போவது, யார் யாரைக் கட்டுவது, பூசைக்கு எந்தச் சீலை உடுப்பது எல்லாம் என் வாயிலிருந்துதான் வரவேண்டும். முப்பது வருடம் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து கப்பல்காரருக்கே கட்டளை போட்ட வாய் இது. சும்மா இருக்குமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் றீட்டா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சொன்னேன். "போதும் பிள்ளை. ஓடி ஓடி என்னத்தைக் கண்டாய்? வெள்ளவத்தையில பல் டொக்டர் ஒராள் ரிசப்ஷனுக்குப் பிள்ளை தேடுறார். நான் கதைச்சிட்டன். காலமை ஏழிலிருந்து பின்னேரம் ஏழு மட்டும். முதலாந் தேதி போ."

டிலானி மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஓம் பெரியம்மா" என்றாள்.

அவ்வளவுதான். சண்டை பிடிப்பாள் என்று நான் பதில்கள் எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நல்ல பிள்ளை, சொல்வழி கேட்கிற பிள்ளை என்று பெருமையோடு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அந்தச் சோறு இறங்கியிராது.

என் தேசிக்காய்

இந்த இடத்தில் என் சொந்த விளையாட்டுச் சாதனையைச் சொல்லியே ஆகவேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. கரண்டியை வாயில் கவ்வி, அதில் தேசிக்காய் வைத்து விழாமல் கொண்டுபோகிற ஓட்டம். நான்தான் முன்னுக்கு. அந்த நேரம் பார்த்து வேலி ஓரத்தில் இருந்து ஒரு சத்தம்: "ஜசிந்தா! என்ட ராசாத்தி! விடாதை!" எங்கள் அப்பா. துறைமுக வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறார், காக்கி உடுப்போடு, தலையெல்லாம் கோதுமை மாத் தூசி.

நான் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். கரண்டி ஒரு பக்கம், தேசிக்காய் ஒரு பக்கம். கடைசியாக வந்தேன். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜிந்துப்பிட்டி முழுக்க நடந்தார், ஏதோ நான் வென்றுவிட்டது போல.

இதை எத்தனையோ தரம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். டிலானியும் கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அவள் ஓடிய மூன்று போட்டிக்கும் நான் போகவில்லை. அந்த மூன்று மட்டுமில்லை, அவளுடைய வேறு எந்த ஓட்டத்துக்கும் போகவில்லை. அவள் ஓடுவதை நான் என் கண்ணால் கண்டதே இல்லை. சனிக்கிழமை எனக்கு மாதர் சங்கம். றீட்டாவுக்குச் சனிக்கிழமைதான் சலவைக் கடையில் வேலை அதிகம். முடிவு போனில் வரும். "எத்தனையாவது?" என்று கேட்பேன். சொல்வாள். வைத்துவிடுவேன். அதை வைத்துத்தான் போதும் என்று தீர்ப்புச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"கஷ்டம் எங்க அக்கா?"

அந்த மாதக் கடைசியில்தான் ரமணன் வந்தார். வெள்ளவத்தைப் பொடியன், முப்பது வயதிருக்கும், தாடி, கழுத்தில் ஒரு துவாய். தன் முதல் படத்தை எடுக்கிறார். துறைமுகப் பக்கத்து ஏழைப் பிள்ளை ஒருத்தி, பெயர் வெண்ணிலா, விழுந்து எழும்பி, காலில் அடிபட்டு, கடைசியில் ஓட்டத்தில் வெல்கிற கதை. பந்தயத்துக்குக் கூட்டம் வேண்டும். கோயில் வாசலில் விசாரித்திருக்கிறார். எல்லோரும் என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"அறுவது பேர் வேணும் அக்கா."

"அறுவது காணுமா? நூறு தரட்டா?"

பிறகு அவர், உண்மையாக ஓடுகிற ஒரு பிள்ளையின் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். றீட்டா கண்ணாடி அலுமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். ரமணன் சுவரைப் பார்த்தார், டைல்ஸ் நிலத்தைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், மாதா படத்துக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் பூவைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

என் காதுக்குள் மெதுவாகக் கேட்டார். "கஷ்டம் எங்க அக்கா?"

சினிமாக்காரருக்கு வறுமை என்றால் கூரை ஒழுகவேண்டும். நாலாம் மாடியில் கூரைக்கு நான் எங்கே போக? டிலானிக்கு அது கேட்டுவிட்டது.

"கஷ்டம் விடிய நாலரைக்குத்தான் வரும் அண்ணா. இருட்டோட படி இறங்கி ரெண்டு பஸ் மாறி கிரவுண்டுக்குப் போகேக்க. அந்த நேரம் வாங்கோ, காட்டுறன்" என்றாள்.

ரமணன் கோப்பையை வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தார். அந்த இடத்திலேயே அவளைப் படத்தில் ஓடக் கேட்டார். கதாநாயகியோடு ஓட நிசமான ஓட்டக்காரப் பிள்ளைகள் ஏழு பேர் வேண்டும். மற்ற ஆறு பேரை டிலானியின் பயிற்சி மாஸ்டர் தருவார். கதாநாயகி முதலாவது. மற்ற இடங்களைப் பிரிக்கவேண்டும்.

"நான் நாலாவதா வாறன்" என்றாள் டிலானி. "எனக்குப் பழக்கம்."

ரமணன் சிரித்தார். நானும் சிரித்தேன். றீட்டா மட்டும் எழும்பிக் குசினிக்குள் போனாள்.

டிலானி கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த ஆணிச் சப்பாத்தை இறக்கினாள். ஓட்டக்காரர் போடுகிற, அடியில் சின்னச் சின்ன ஆணி வைத்த சப்பாத்து. தூசியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது கடைசி பெரியம்மா. படத்தோட முடிஞ்சுது."

நான் தலையாட்டினேன். அடுத்த திங்கட்கிழமை முதலாந் தேதி.

மன்றாட்டுமாலை

களனிப் பக்கத்தில் ஒரு மைதானம். அது இரண்டு நாளைக்குத்தான் கிடைத்தது. அதனால் படத்தின் கடைசிக் காட்சியையே முதலில் எடுத்தார்கள். கதாநாயகி வென்றுவிட்டாள், இனித்தான் கஷ்டப்படவேண்டும்.

பஸ்ஸில் அறுபத்திரண்டு பேர். சோத்துப் பார்சல், தண்ணீர், இரண்டு குடை, ஒரு செபமாலை. சூசையண்ணனும் வந்தார். சூசையண்ணன் எங்கள் தெருக்காரர், துறைமுகத்தில் கப்பல் தட்டில் நின்று ஏற்று, இறக்கு என்று கீழே நிற்பவர்களுக்குக் கத்துகிற வேலை பார்த்தவர். பென்ஷன் எடுத்துப் பல வருடம். குரல் மட்டும் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோயிலில் அவர் மெதுவாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் நாலு வாங்கு தள்ளி இருப்பவருக்கும் கேட்கும்.

கதாநாயகியாக நடித்தது அக்‌ஷயா என்ற நடனக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை. காலெல்லாம் கொப்புளம். டிலானி அவளுக்கு முழங்கையை எப்படி வைப்பது, மூச்சை எங்கே விடுவது என்று காலையிலேயே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ரமணன் ஒலிபெருக்கியில் சொன்னார். "மஞ்சள் உடுப்புத்தான் உங்கட பிள்ளை. பேர் வெண்ணிலா. அவ வளைவில திரும்பினவுடனே பேரைச் சொல்லிக் கத்தோணும். விளங்கிச்சா?"

"ஓம்!" என்றோம்.

எட்டுப் பிள்ளைகளும் வளைவில் திரும்பினார்கள். நாங்கள் எல்லோரும் வாயைத் திறந்தோம். அதற்குள் சூசையண்ணன் திறந்துவிட்டார். "டிலா! துவபங் டிலா! விடாதையடி!" அவருக்குச் சந்தோசம் வந்தால் சிங்களத்தில்தான் "ஓடு" வரும். அவ்வளவுதான், அறுபத்திரண்டு பேரும் "டிலா! டிலா!" என்று வேலியைப் பிடித்து ஆட்டினோம். நானும்தான். மஞ்சள் உடுப்பு எப்போது முடித்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

"கட்!" ரமணன் துவாயால் முகத்தைத் துடைத்தார். "அக்கா, ஆர் டிலா?"

"எங்கட பிள்ளை."

"அவ நாலாவது ஆள் அக்கா!"

"அதுக்கு? பிறத்தியார் பிள்ளைக்கோ கத்துறது?" என்றார் சூசையண்ணன்.

கூட்டத்துக்குப் பொறுப்பு நான். எல்லோரையும் திட்டினேன். அடுத்த தரம் எல்லோரும் ஒழுங்காக, ஒரே குரலில், "வெண்ணிலா" என்றார்கள். கொஞ்சம் நிறுத்தி மறுபடி, "வெண்ணிலா". ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோயிலில் மன்றாட்டுமாலைக்கு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வோமே, அதே ராகம். ஒரு மாமி பழக்க தோசத்தில் நெஞ்சில் சிலுவை போட்டார்.

"ஐயோ, செத்த வீடு மாதிரி இருக்கு!" ரமணன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். "உங்கட பிள்ளை எண்டு நினைச்சுக் கத்துங்கோ."

பிழை அவருடையது. நினைத்துக் கத்தச் சொன்னார், கத்தினோம். மூன்றாம் தரம் பாதி வெண்ணிலாவில் தொடங்கி முழுக்க டிலாவில் முடிந்தது. அப்போதுதான் அது நடந்தது. நாலாவதாக வந்துகொண்டிருந்த பச்சை உடுப்பு அப்படியே கிளம்பியது. மூன்றாவது ஆளைக் கடந்தது, இரண்டாவதைக் கடந்தது, மஞ்சளையும் கடந்து கோட்டைத் தாண்டிப் போய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் பிள்ளை இப்படியா ஓடுவாள்? இதையா நான் போதும் என்றேன்?

ஸ்டாண்டில் யார்

"தங்கச்சி, ஏன் முந்தினீங்க?" ரமணன் கேட்டார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

டிலானி இடுப்பில் கைவைத்துக் குனிந்து நின்றாள். "சொறி அண்ணா. வேணுமெண்டு செய்யேல்ல. பேரைக் கேட்டவுடன கால் தன்ட பாட்டில போயிட்டுது." மூச்சை விட்டுவிட்டுச் சொன்னாள். "எனக்கு ஒருத்தரும் முந்தி இப்பிடிக் கத்தினதில்ல."

அவள் அதை ரமணனுக்குத்தான் சொன்னாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஒன்பது வயதில் தேசிக்காயை விழுத்தின எனக்கே வேலி ஓரத்தில் கத்த ஒரு மனிதர் இருந்தார்.

வழி சொன்னது அக்‌ஷயா. கொப்புளக் காலோடு புல்லில் உட்கார்ந்திருந்தவள் கையைத் தூக்கினாள். "அண்ணா, இவை மாறமாட்டினம். கதையில என்ட பேரை மாத்துங்கோவன். இன்னும் ஒரு சீனும் எடுக்கேல்லத்தானே?"

ரமணன் டிலானியிடம் போனார். "உங்கட பேரை எடுக்கட்டா?"

"எடுங்கோ அண்ணா" என்றாள் டிலானி. "எனக்கு இனித் தேவைப்படாதுதானே."

அப்படித்தான் வெண்ணிலா டிலானி ஆனாள்.

நாலாம் தரம் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். "டிலா! டிலா!" இப்போது சரி, அதுதான் கதாநாயகியின் பெயர். மஞ்சள் உடுப்பு முன்னுக்கு வந்தது. நான் பச்சையை மட்டும் பார்த்தேன். தன் பெயரை அத்தனை பேர் கத்த, அந்தப் பிள்ளை தன் காலைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு நாலாவதாக ஓடினாள். தாடையை இறுக்கியிருந்தாள். வெல்ல எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் தோற்கப் பட்ட பாட்டை நான் கண்டேன்.

நான் அழுதேன். பக்கத்தில் நின்ற மாமி, "நல்லா நடிக்கிறீங்க ஜசிந்தா" என்றார்.

அந்தக் காட்சிதான் படத்தில் இருக்கிறது. ரமணன் அதோடு சரி என்றுவிட்டார்.

மற்றவர்கள் சோத்துப் பார்சலைப் பிரித்தபோது நான் வேலியைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். டிலானி புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டாத" என்றேன்.

"ஏன், இன்னும் எடுக்கப் போறாங்களா?"

"இல்ல. நீ ஓடுறதை நிப்பாட்டாத. நான் சொன்னது பிழை. ஒருநாள் வந்து பாக்காம சொன்னன். என்ட பிழை பிள்ளை."

அவள் முகம் சிவந்தது. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கத்தினாள். "இப்ப வந்து சொல்லுறீங்க! மூண்டு வருசம் கடைசிச் சுத்தில ஸ்டாண்டைப் பாத்துப் பாத்து ஓடினனான். ஒருக்காவாவது வந்தீங்களா? நீங்களும் வரேல்ல, அம்மாவும் வரேல்ல. போனில எத்தனையாவது எண்டு மட்டும் கேப்பீங்க!"

அந்தப் பிள்ளை என்னை எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். நான் வாய் திறக்கவில்லை. என் வாய்க்கு அதுவும் முதல் தரம்தான்.

பிறகு அவளே மெதுவாகக் கேட்டாள். "திங்கட்கிழமை வேலை?"

"அதை நான் பாக்கிறன்."

அவிழ்த்த கயிற்றை அவள் திரும்பக் கட்டினாள்.

ஒரு கடைவாய்ப் பல்

பல் டொக்டரிடம் போய் நேரே கேட்க எனக்குக் கூச்சம். நானே கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை. அதனால் பல்லைக் காட்டுகிற சாட்டில் போனேன். டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, "இது கழட்டோணும்" என்றார். எனக்கு நோவே இல்லை. இருந்தாலும் காரியம் ஆகவேண்டுமே, கழற்றுங்கள் என்றேன்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். பாதிதான் விளங்கியிருக்கும். "காலமை பத்து மணிக்கு வந்தாக் காணும்" என்றார். கடைசியில் சனிக்கிழமையையும் விட்டுக்கொடுத்தார். என் கடைவாய்ப் பல் போனது, பிள்ளைக்கு விடியற்காலை திரும்பக் கிடைத்தது. நட்டமில்லை.

அதே பஸ்

அடுத்த வருடத் தெரிவுப் போட்டிக்கு அதே பஸ்ஸைப் பிடித்தேன். அறுபத்திரண்டு பேர் வரவில்லை. இருபது பேர் இருக்கும். றீட்டா வேலைக்கு லீவு போட்டு வந்தாள். சூசையண்ணன் முதல் நாளே தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்திருந்தார்.

இது படம் இல்லை, யாரும் மெதுவாக ஓடிக் காட்டமாட்டார்கள். இரண்டு சுற்று கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. கடைசி வளைவில் அவள் ஸ்டாண்டைப் பார்த்தாள். நாங்கள் இருந்தோம். என் பிள்ளை எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து ஓடினாள் பாருங்கள், அந்த முகத்தை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டேன்.

நாலாவதாக வந்தாள்.

படம் என்றால் முதலாவதாக வந்திருப்பாள். எனக்கும் அதுதான் ஆசை. ஒரு பக்கத்தால் றீட்டா என் கையைப் பிடித்து நெரிக்கிறாள், மறு பக்கத்தால் சூசையண்ணன் கோடு கீறினவனையே திட்டுகிறார். தன் முந்தைய நேரத்தில் ஒரு செக்கன் குறைத்திருந்தாள் என்று மாஸ்டர் வந்து சொன்னார். எண்ணூறு மீற்றரில் ஒரு செக்கன் பெரிய விசயமாம். எங்களுக்கு என்ன தெரியும்?

டிலானி வேலி ஓரத்துக்கு வந்தாள். நாலாவது தரமும் நாலாவது. இனிப் போதும் என்று அவளே சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் அந்த வார்த்தையை நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன்.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பெரியம்மா, அடுத்த வருசமும் பஸ் பிடிப்பீங்களா?"

"இப்பவே சொல்லி வைக்கிறன்" என்றேன். வாசலில் நின்ற டிரைவரிடம் உடனே போய்ச் சொல்லியும் வைத்தேன். தேதி கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "தேதி வந்தா அறிவிக்கிறன், நீங்க வேற ஆருக்கும் குடுக்க வேண்டாம்" என்றேன். மனிதர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

கைப்பையின் பக்கத்தில்

அதற்குப் பிறகு மழைக்காலம் முடிந்துதான் படம் வெளிவந்தது. முந்தின நாள் டிலானி போன் எடுத்தாள். அடுத்த தெரிவுப் போட்டி நெருங்குகிறதாம், சனிக்கிழமை பின்னேரம் மாஸ்டர் கூடுதலாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறாராம். "படம் எங்க போகப் போகுது பெரியம்மா? பிறகு பாக்கலாம்" என்றாள். நான் சீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. கைப்பையை வைத்தேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். முன் சீட்டு மனிதர் இன்னும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். சூசையண்ணனுக்குத் திரையைப் பார்த்துக் கத்தியே குரல் அடைத்துவிட்டது. "டிலா எங்க?" என்று அந்த அடைத்த குரலில் மறுபடி கேட்டார். இந்தத் தரம் எனக்குக் கோபம் வரவில்லை.

"ஓடப் போயிட்டாள்" என்றேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

வெளியே காலி வீதி இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவளுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். மூச்சு இரைக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது.

"படம் எப்பிடி பெரியம்மா?"

"டிலானி வெண்டுட்டாள். தியேட்டரே எழும்பி நிண்டது."

"நான் எத்தனையாவது?"

"நாலாவது. எங்கட ஆக்கள் அதுக்குத்தான் கைதட்டினது."

அவள் சிரித்தாள். பின்னால் யாரோ விசில் ஊதுகிற சத்தம் கேட்டது.

"வைக்கட்டா பெரியம்மா? மாஸ்டர் கூப்பிடுறார். இன்னும் ரெண்டு ரவுண்ட் கிடக்கு."